பனிக்காலத்தில் ஆர்வியோடு புளோரிடா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவியும் ஆறு குளிர்காலங்கள் ரொறன்ரோவின் கிழக்கில் உள்ள ஸ்கார்பரோவிலிருந்து ஆர்வியில், அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், புளோரிடா போய் வந்திருக்கிறோம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் அதிகம். முதல் கேள்வி எப்போதும் வண்டியைப் பற்றித்தான். உண்மையில் பயணம் குழம்புவது வண்டியால் அல்ல, நாள்கணக்கிலும் மருந்திலும் காப்புறுதியிலும்தான். அதனால் அந்தப் பதில்கள் நீளமாக இருக்கும். எல்லாம் ஒன்ராறியோக்காரர் கணக்கில் எழுதியது.

எந்த வண்டி வாங்குவது?

முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள். கோடையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, அல்கொன்குயின் பக்கமோ பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பக்கமோ போய்த் தங்கிப் பாருங்கள். இரண்டு நாள் மழை பெய்து, இரண்டு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் அடைபட்டும் சண்டை வரவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

இயந்திரமும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார்ஹோம். பிக்கப்பால் இழுத்துப்போவது ட்ரெயிலர். மோட்டார்ஹோமில் போனால் பால் வாங்கப் போவதற்கும் முழு வீட்டையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது பின்னால் ஒரு கார் கட்டி இழுக்க வேண்டும். ட்ரெயிலரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பில் ஊர் சுற்றலாம், ஆனால் பின்பக்கமாக நிறுத்தப் பழக வேண்டும். நாங்கள் 24 அடி ட்ரெயிலர் வைத்திருக்கிறோம். பின்னால் எடுக்கும்போது மனைவி கையைக் காட்டுவார், நான் வேறு பக்கம் திருப்புவேன். பக்கத்து ஆட்களுக்கு அது மாலை நேரப் பொழுதுபோக்கு.

விசேட சாரதி உரிமம் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஒன்ராறியோவின் சாதாரண ஜி உரிமம் 11,000 கிலோ வரையான வண்டிக்குப் போதும். ஆனால் இழுக்கும் ட்ரெயிலர் 4,600 கிலோவைத் தாண்டினால் கதை வேறு. பிக்கப்பின் பின்தட்டில் பூட்டும் பெரிய ஐந்தாம் சக்கர ட்ரெயிலரில் ஆசை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெளியுங்கள். இன்னொன்று: 80 வயதுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை, வகுப்பு என்று போய்த்தான் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் திகதி ஜனவரியில் விழுந்தால் புறப்படுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது புறப்படுவது நல்லது?

நவம்பர் முதல் வாரம். அதற்கு முன் போனால் புயல் பயம், அதற்குப் பிறகு போனால் பனிப் பயம்.

புளோரிடாவில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அக்டோபரிலும் பெரிய புயல் வரும். மில்டன் புயல் 2024 அக்டோபர் 9 இரவுதான் சரசோட்டா அருகே கரை ஏறியது. இலையுதிர் காலத்தில் புயல் ஏதும் அடித்திருந்தால், புறப்படுவதற்கு முன் தங்கப்போகும் ஆர்வி பார்க்குக்குத் தொலைபேசி எடுத்து மின்சாரம், தண்ணீர் எல்லாம் திரும்பிவிட்டதா என்று கேளுங்கள்.

மற்றப் பக்கம் ஈரி ஏரி. குளிர்காற்று சூடான ஏரித் தண்ணீருக்கு மேலால் வந்து கரையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பர் 17இல் தொடங்கிய பனியில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் 6 அடிக்கு மேல் விழுந்தது. நாங்கள் போகும் ஐ-90 நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போகிறது. திகதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். “ஐந்தாம் திகதி நல்ல நாள், கட்டாயம் வெளிக்கிட வேணும்” என்று நிற்காதீர்கள்.

எந்த வழியால் போவது?

ரொறன்ரோ கிழக்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஃபோர்ட் ஈரி பீஸ் பாலம், பஃபலோ, ஈரி, பிட்ஸ்பர்க் பக்கமாக ஐ-79, மேற்கு வர்ஜீனியாவின் சார்ள்ஸ்டனில் ஐ-77, சார்லட், கொலம்பியா, பிறகு ஐ-26 எடுத்து ஐ-95. ஒர்லாண்டோ வரை ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். தம்பா, ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் போகிறவர்கள் பலர் வின்ட்சர் வழியாக ஐ-75 எடுப்பார்கள். அதில் அட்லாண்டா நகரத்துக்குள் போகாமல் ஐ-285 சுற்றுவட்டத்தைப் பிடியுங்கள். வேலை விடும் நேரத்தில் அதுவும் வேண்டாம்.

ஐ-77இல் மேற்கு வர்ஜீனியா முழுக்க ஏற்ற இறக்கம். வர்ஜீனியாவைக் கடந்து வட கரோலினாவுக்குள் போவதற்குச் சற்று முன் ஃபான்சி கேப் என்ற இடத்தில் நீண்ட இறக்கம், மூடுபனிக்குப் பேர்போனது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்கூட்டியே கியரைக் குறைத்து, இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். பின்னால் லொறி ஹோன் அடித்தால் அடிக்கட்டும்.

ஐ-95ஐ மேலிருந்தே பிடித்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதைகளில் ஆர்வியின் சமையல் வாயுச் சிலிண்டரோடு போக முடியாது. முன்பு கீ பாலத்தால் சுற்றிப் போகலாம். அது 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்த பிறகு, நகரத்தின் மேற்குப் பக்கமாக ஐ-695இல்தான் சுற்ற வேண்டும்.

ஒரு நாளைக்கு 300 மைல், பிற்பகல் 3 மணிக்குள் நிறுத்து என்று ஆர்விக்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு 250 மைலே போதும். வழியில் பிட்ஸ்பர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது, 1976இல் கும்பாபிஷேகம் கண்டது. ட்ரெயிலரை வேறெங்காவது விட்டுவிட்டுப் போங்கள். கோயில் மேட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் எத்தனை நாள் இருக்கலாம்?

இங்கே மூன்று கணக்குகள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

முதலாவது குடிவரவுக் கணக்கு. கனடியக் குடிமக்களைச் சாதாரணமாக ஆறு மாதம் வரை அனுமதிப்பார்கள்.

இரண்டாவது அமெரிக்க வரிக் கணக்கு. இந்த வருடம் இருந்த நாட்கள் முழுதும், போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கும் கூட்டிப் பார்ப்பார்கள். 183ஐத் தொட்டால் அமெரிக்க வரிக்கு வதிவாளராகக் கருதப்படலாம். ஒவ்வொரு வருடமும் 120 நாள் என்றால் 120, 40, 20, மொத்தம் 180. தப்பிவிட்டீர்கள். 150 நாள் என்றால் 150, 50, 25, மொத்தம் 225. மாட்டிக்கொண்டீர்கள். அப்போதும் பயப்பட வேண்டியதில்லை. நடப்பு வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, வீடு வாசல் எல்லாம் கனடாவில்தான் என்று காட்ட முடிந்தால் 8840 என்ற படிவத்தை அடுத்த ஜூன் 15க்குள் அனுப்பினால் சரி. ஆளுக்கு ஒரு படிவம். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று கிடையாது. இரவு 11:50க்கு எல்லை தாண்டினாலும் அது ஒரு முழு நாள்.

மூன்றாவது ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதிக் கணக்கு. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 212 நாட்களுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. நம் ஆட்கள் அதிகம் பிழைவிடுவது இதில்தான். புளோரிடாவில் 150 நாள் இருந்துவிட்டு வருவார்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளும் பார்க்க வேண்டும், அப்படியே சொந்தக்காரர் வீடு, இந்தியக் கோயில்கள் என்று இரண்டரை மாதம் ஓடிவிடும். 225 நாள்! அமெரிக்க நாட்களை மட்டும் எண்ணுகிறவருக்கு இது கண்ணில் படாது. கலண்டரில் கனடாவுக்கு வெளியே நிற்கும் எல்லா நாளையும் சிவப்பில் வட்டமிடுங்கள்.

எல்லையில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டுமாமே?

ஆம். 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களுக்கு ஐ-94 நுழைவுப் பதிவு கிடைத்திருந்தால் அதுவே பதிவாகக் கணக்கில் வரும். தரைவழியே போகும் கனடியருக்குப் பல நேரம் அது கொடுபடாது. அப்படியானால் ஜி-325ஆர் என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, அதன் சான்றை அச்சடித்து வண்டியில் வைத்திருங்கள்.

இதெல்லாம் குடியுரிமை உள்ளவர்களுக்கு. நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். சுப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் அப்படியே. இன்னொன்று, குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் புளோரிடா நாட்கள் அதில் சேராது.

ஓஹிப் இருக்கிறதே, பயணக் காப்புறுதி கட்டாயமா?

ஓஹிப் வெளிநாட்டில் தருவது, தீவிர சிகிச்சை போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர். சாதாரண வார்டுக்கு 200. படுக்காமல் அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு வந்தால் 50. அமெரிக்க மருத்துவமனைப் பில் பார்த்தவர்களுக்கு இது எந்த மூலைக்கு என்று தெரியும். காப்புறுதி இல்லாமல் பீஸ் பாலத்தைத் தாண்டாதீர்கள்.

வாங்குவதை விட முக்கியம் வாசிப்பது. ஒவ்வொரு காப்புறுதியிலும் ‘நிலையாக இருந்த காலம்’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஏற்கனவே உள்ள வருத்தம் புறப்படுவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். பிரஷர் குளிசையின் அளவை டொக்டர் கூட்டினால் மாற்றம் என்று எல்லோருக்கும் விளங்கும். பல காப்புறுதிகளில் குறைத்தாலும் அது மாற்றம்தான். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குச் செப்டம்பரில் “நல்லா இருக்கிறீங்கள்” என்று சொல்லிக் குளிசையைப் பாதியாக்கினார்கள். ஜனவரியில் நெஞ்சு வலி வந்தபோது அந்தப் பாதிக் குளிசையைக் காட்டியே அவருடைய கொம்பனி பணம் தர மறுத்தது. அதனால் குடும்ப வைத்தியரிடம் வருடாந்தப் பரிசோதனையைக் கோடை தொடங்கும்போதே செய்யுங்கள். மாற்றம் ஏதும் செய்வதாக இருந்தால் அப்போதே நடந்து முடியட்டும். விண்ணப்பத்தில் உள்ள மருத்துவக் கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்ப விடாதீர்கள். உங்களுக்கு 2017இல் வந்தது அவர்களுக்கு நினைவிருக்காது.

ஐந்து மாத மருந்தை எப்படி எடுப்பது?

முதியோர் மருந்துத் திட்டத்தில் வழக்கமாக 100 நாளுக்குத்தான் தருவார்கள். 100 முதல் 200 நாள் வரை வெளியே போகிறீர்கள் என்றால் கூடுதலாக எடுக்க வழி இருக்கிறது. பயணத்தைக் காட்டும் கடிதம் அல்லது காப்புறுதிப் பிரதியோடு பாமசியில் கேளுங்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். குளிசைகளைப் பாமசி லேபலோடு உள்ள போத்தலிலேயே கொண்டுபோங்கள். இன்சுலினை ஆர்வி குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துவிடும்.

பென்சன் நிற்குமா?

முதியோர் ஓய்வூதியம் எடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பிரச்சினை இல்லை. அதோடு சேர்த்து வருமானக் குறைநிரப்புத் தொகையும் எடுப்பவர்கள் கவனம்: ஆறு மாதத்தைத் தாண்டினால் அது நின்றுவிடும்.

தண்ணீர்க் குழாய் வழியில் உறைந்தால்?

புதிதாகப் போகிறவர்கள் பலர் முதல் வருடத்திலேயே குழாய் வெடித்துப் பாடம் படிப்பது இங்கேதான். நவம்பரில் ஒன்ராறியோவிலும் பென்சில்வேனியாவிலும் இரவு பூச்சியத்துக்குக் கீழே போகும். ஓடும் ட்ரெயிலரில் குழாய்களுக்குச் சூடு கிடையாது. அதனால் வீட்டு வாசலில் தண்ணீர் நிரப்பாதீர்கள். குழாய்களில் இளஞ்சிவப்பு ஆர்வி அன்ரிஃப்ரீஸ் ஏற்றிய நிலையிலேயே புறப்படுங்கள். அது புரோபிலீன் கிளைக்கோல். கார் ரேடியேற்றருக்கு ஊற்றுவது எதிலீன் கிளைக்கோல், நஞ்சு. இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

முதல் மூன்று இரவும் குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர். கழிவறைக்குள் ஊற்றவும் அந்த இளஞ்சிவப்புத் திரவம்தான். தென் கரோலினாவோ ஜோர்ஜியாவோ வந்து, இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் நிற்கும் என்று பார்த்த பிறகு குழாய்களைக் கழுவுங்கள். தாங்கிக்குக் கிருமி நீக்க, 57 லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் அளவில் வாசனை சேர்க்காத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, சில மணி நேரம் வைத்து, மணம் போகும்வரை கழுவ வேண்டும். ஏப்ரலில் திரும்பும்போது இதே வேலை தலைகீழாக.

புளோரிடா என்றாலே சூடு என்று நினைக்கவும் வேண்டாம். 2025 ஜனவரி 21இல் வடமேற்கு மூலையில் பென்சகோலாவில் அரை அடிக்கு மேல் பனி விழுந்தது. வெயில் வேண்டுமென்றால் ஒர்லாண்டோவுக்குத் தெற்கே போங்கள்.

ரயர் நல்லாத்தானே இருக்கு, மாற்ற வேண்டுமா?

பூ தேயவில்லை என்பது ஆர்வி ரயருக்குச் சான்று அல்ல. அது ஓடித் தேய்வதை விட நின்று வெடிப்பதுதான் அதிகம். பக்கச் சுவரில் டொட் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். வெப்பம் ஒவ்வொரு 5.5 பாகை கூடும்போதும் அழுத்தம் சுமார் 2 சதவீதம் கூடும். ஸ்கார்பரோக் குளிரில் 80 பிஎஸ்ஐ அடித்தது தெற்கே 25 பாகையில் 88ஐயும் தாண்டி நிற்கும்.

முழுதும் ஏற்றிய பிறகு லொறிகள் நிற்கும் இடத்தில் உள்ள தராசில் ஒருமுறை ஏற்றி எடை பாருங்கள். எங்களுடைய முதல் பயணத்தில் அரிசி, கிரைண்டர், மனைவியின் இரும்புத் தோசைக்கல் எல்லாம் சேர்ந்து அளவைத் தாண்டிவிட்டன. இறக்கியது என்னுடைய கருவிப் பெட்டி. தோசைக்கல் இறங்கவில்லை.

றைஸ் குக்கரும் ஏசியும் ஒன்றாகப் போட முடியுமா?

30 அம்பியர் இணைப்பில் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500 வாட் எடுக்கும், கேத்தல் இன்னொரு 1,500, றைஸ் குக்கர் 700. கூட்டிப் பாருங்கள். சோறு வேகும்போது தேநீர் வைக்க நினைத்தால் பிரேக்கர் விழும். 50 அம்பியர் என்றால் 12,000 வாட், கவலையில்லை. மீன் பொரிப்பதும் கருவாடு வறுப்பதும் வெளியே, தனி அடுப்பில். உள்ளே ஒருமுறை பொரித்தால் அந்த மணம் மெத்தையிலேயே ஏப்ரல் வரை நம்மோடு வரும்.

கழிவுத் தாங்கி பற்றி வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

வெட்கம் வேண்டாம், எல்லோரும் செய்வதுதான். கையுறை போடுங்கள். கழிவறைத் தாங்கியை முதலில் திறந்துவிட்டு, பிறகு குளியல், சமையல் தண்ணீர்த் தாங்கியைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். இடம் நிரந்தரம் என்பதற்காகக் கழிவறைத் தாங்கியின் வால்வைத் திறந்தே விடாதீர்கள். தண்ணீர் ஓடிப்போய் மற்றது மட்டும் உள்ளே கட்டியாகிவிடும். கறி எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

இடத்துக்கு எப்போது பதிவது?

புளோரிடா அரச பூங்காக்கள் மலிவு, அழகு, ஆனால் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்க முடியாது. 2024 முதல் புளோரிடாவாசிகள் 11 மாதம் முன்பும் நாங்கள் 10 மாதம் முன்பும்தான் பதியலாம். கடற்கரைப் பூங்காக்களில் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே நல்ல இடங்கள் போய்விடும். மாதக்கணக்கில் இருக்கத் தனியார் பார்க்தான். பல இடங்கள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பேரப்பிள்ளைகள் மார்ச் விடுமுறைக்கு வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்று முதலே கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை எடுக்காத பார்க்குகளும் உண்டு. தைப்பொங்கலுக்கு வெளியே நெருப்பு மூட்டலாமா என்பதையும் கேட்டுவையுங்கள். நாங்கள் இரும்பு வளையத்துக்குள் விறகு வைத்துப் பொங்கினோம். பக்கத்துக் கியூபெக்காரர் பானை பொங்கி வழிவதைப் பார்த்து ஓடி வந்து நெருப்பைக் குறைக்கப் பார்த்தார்.

எரிபொருள் அடிக்கும் இடத்தில் ஸிப் கோட் கேட்கிறதே?

உங்கள் தபால் குறியீட்டில் உள்ள மூன்று இலக்கத்தை எழுதி, பின்னால் இரண்டு பூச்சியம் போடுங்கள். இலக்கங்கள் 1, 2, 3 என்றால் 12300. பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாவிட்டால் உள்ளே போய்க் காசாளரிடம் முற்பணம் கட்டுங்கள்.

வீட்டை என்ன செய்வது?

பிரதான தண்ணீர்க் குழாயைப் பூட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். வெப்பத்தை முற்றாக நிறுத்தாதீர்கள். ஆள் இல்லாத வீட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும் என்று வீட்டுக் காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்க்கிறவர் வந்த திகதியைக் குறித்து, ஒரு படமும் எடுத்து வைக்கட்டும். பனி வழிக்க ஆள் பிடிக்க மறக்க வேண்டாம்.

இது மலிவா?

இல்லை. மலிவு என்று யாராவது சொன்னால் அவர் ஆர்வி விற்கிறவர். பெரிய மோட்டார்ஹோம் 100 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 லீற்றர் குடிக்கும். போகும் வழிக்கு மட்டும் 500 லீற்றருக்கு மேல். பார்க் வாடகை, காப்புறுதி, டொலர் மாற்று எல்லாம் சேர்த்தால், விமானத்தில் போய் ஒரு சின்ன வீட்டை மூன்று மாதம் எடுத்தாலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான் வரும். நாங்கள் போவது சொந்தக் கட்டிலும் சொந்த அடுப்பும் கூடவே வருகிறது என்பதற்காக.

சாப்பாட்டுச் சாமான் என்ன கொண்டுபோகலாம்? கறிவேப்பிலைச் செடி?

மிளகாய்த்தூள், பருப்பு, கடையில் பொதிசெய்த பொருட்கள் போன்றவற்றைக் கொண்டுபோகலாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லாமல் பிடிபடுவதுதான் அபராதம். ஆட்டிறைச்சி, விறகு, தோடம்பழம் வேண்டாம், எல்லாம் அங்கே வாங்கலாம். கஞ்சா கனடாவில் 2018 முதல் சட்டப்படி சரி என்றாலும், எல்லையில் அது குற்றம்தான். பேரன் வண்டியில் ஏதாவது மறந்துவிட்டிருக்கிறானா என்று தேடிப் பாருங்கள்.

கறிவேப்பிலை இலையாகவும் கூடாது, செடியாகவும் கூடாது. தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அந்த நோயால் புளோரிடாவின் தோடைத் தொழிலே படுத்துவிட்டது. அதனால் எல்லை அதிகாரிக்கு நமது தாளிதத்தில் இரக்கம் வராது. அங்கே வாங்கிய செடியைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. நாங்கள் வீட்டுச் செடியை மகளிடம் விட்டுப் போகிறோம், தம்பா பக்கத்து இந்தியக் கடையில் இலை வாங்கிக்கொள்கிறோம். முருங்கைக்காயும் கிடைக்கும். புளோரிடா மாம்பழம் மட்டும் கிடைக்காது. அது பழுப்பது ஜூனிலும் ஜூலையிலும், அப்போது நாங்கள் ஸ்கார்பரோவில் புல் வெட்டிக்கொண்டிருப்போம்.